பவளம் பொய் சொல்லாது

அத்தியாயம் 6

‘நான்தான் எடுத்தேன்’ என்று ஒரு பெண்ணைப் பின்னேரம் நான்கு மணிக்குள் சொல்லவைக்க வேண்டும். நீலத்துறை ஹோட்டல் எங்களுக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். அவள் எடுத்தாளா இல்லையா என்பதை அவர்களே கண்டுபிடித்து முடித்துவிட்டார்கள்.

எங்களுக்கு என்றால் பஹ்மியா அக்காவுக்கும் எனக்கும். பஹ்மியா அக்கா பதினைந்து வருடம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் இருந்து, எரியாத கடைகளுக்கும் மூழ்காத வள்ளங்களுக்கும் இழப்பீடு கேட்டு வந்தவர்களைப் பிடித்தவர். இப்போது சந்தைப் பக்கம் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ‘பஹ்மியா விசாரணைச் சேவை’ என்று பலகை மாட்டியிருக்கிறார். வருகிற வேலையில் முக்கால்வாசி, வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு மனைவி இருக்கிறாளா என்று விசாரிப்பது. அநேகமாக இருப்பாள்.

நான் லக்சாயினி. ஊர் சல்லி என்ற கடற்கரைக் கிராமம். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். பட்டத்தை வாங்கிக்கொண்டு வந்து இரண்டு வருடம் மாவட்டச் செயலகக் கச்சேரி வாசலில் வேலை கேட்டுப் பதாகை பிடித்தேன். இப்போது அக்காவின் கோப்புகளைப் பிடிக்கிறேன். பாரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

உள்துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நீலத்துறைக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி ஒன்று. வரவேற்பு மண்டபத்தில் எங்களை உபசரிக்க வந்தது மனிதர் அல்ல. இடுப்பளவு உயரம், வெள்ளை உடம்பு, தட்டையான மேற்பக்கம், வயிற்றில் இழுத்துத் திறக்கும் ஒரு லாச்சி, கழுத்தில் ஒரு திரை, திரையில் இரண்டு கண். நெஞ்சில் பொன்னெழுத்தில் பெயர் அட்டை: பவளம். பக்கத்தில் நிலம் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணின் சட்டையிலும் ஒரு அட்டை இருந்தது. ‘ஹவுஸ்கீப்பிங் 5’.

“வணக்கம். நான் பவளம். குடிக்க ஜூஸ் வேணுமா?” என்று அது தொலைக்காட்சித் தொடர்களில் வருகிற தமிழில் கேட்டது.

“ஓம்” என்றேன். வெயிலில் வந்திருந்தேன்.

பவளம் கண்ணை மூடிக்கொண்டது. உடம்பைச் சுற்றி ஓடிய நீல வெளிச்சம் மங்கியது. திரையில் ஒரு தாமரை மெல்ல விரிந்தது. அதன் பிறகு அசைவில்லை, பேச்சில்லை. நாங்களும் ஏதோ அஞ்சலிக் கூட்டம் போல எதிரே நின்றோம். மூன்று நிமிடம் கழித்து உள்ளே ஒரு மணி கிணுங்கியது. அது கண்ணைத் திறந்து, என்னைப் பார்க்காமலே திரும்பிப் போய்விட்டது.

“நேர்முகப் பரீட்சைக்குப் போனாலும் இப்பிடித்தான் அக்கா” என்றேன். “நான் வாயைத் திறந்த உடன கண்ணை மூடிக்கொள்ளுவினம்.”

பஹ்மியா அக்கா கையில் கட்டியிருக்கும் பெரிய ஆண்கள் மணிக்கூட்டைப் பார்த்தார். அவர் எதையாவது யோசிக்கும்போது நேரத்தைப் பார்ப்பார். மற்ற நேரங்களில் நேரத்தைப் பார்க்கவே மாட்டார்.

முகாமையாளர் யுகேந்திரன் குளிரூட்டிய அறையில் கழுத்துப்பட்டியோடு இருந்தார். கதையை அவர் சொன்ன மாதிரியே சொல்கிறேன். 214ஆம் அறையில் இரத்தினேஸ்வரி என்ற அம்மா. லிங்கநகரில் பிறந்தவர், முப்பது வருடமாக நோர்வே. மகளுக்கு நாளை மறுநாள் இங்கே கோயிலில் கல்யாணம். இன்று காலை பத்து மணிக்குப் பதினொரு பவுண் தாலிக்கொடியைப் பெட்டியோடு கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்குப் பெட்டி இல்லை. இடையில் அந்தக் கதவைத் தன்னுடைய அட்டையால் திறந்து உள்ளே போனவள் ஒருத்திதான்: குளியலறைத் துவாய் மாற்றப் போன றம்லா. கிண்ணியாக்காரி. நான்கு வருடமாக வேலை செய்கிறவள்.

“அவள்தான் எடுத்திருக்கிறாள். சொல்லுறாளில்லை. பொலிஸுக்குப் போனா ஹோட்டலின்ர பேரும் கெடும். நீங்கள் ஒரு பொம்பிளை, அவளின்ர ஆக்கள் வேற. கதைச்சு வாங்கித் தந்தா அவளை அமைதியா வீட்டை அனுப்பிவிடலாம். நாலு மணி வரைக்கும் பாப்பன். பிறகு நானும் பொறுப்பில்லை.”

முஸ்லிம்கள் என்பதைச் சொல்லாமல் சொன்ன அந்த ‘அவளின்ர ஆக்கள்’ அறைக்குள் நின்றது. அக்கா அதை நிற்க விட்டார். பிறகு, பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் வேறு யாரும் கதவடிக்குப் போகவில்லையா என்று கேட்டார்.

பவளம் போனாவாம். பத்து இரண்டுக்கு இஸ்திரி போட்டு மினுக்கின சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தாவாம். பத்து ஐந்துக்குத் திரும்பிட்டாவாம். அவா போகேக்க லாச்சி காலியாம், பதிவில் இருக்கிறதாம்.

நான் எழுதுவதை நிறுத்தினேன். றம்லா ‘அவள்’. மெசின் ‘அவா’. நான்கு வருடம் கட்டில் விரித்த பெண்ணுக்குக் கிடைக்காத மரியாதை, பெட்டி உடைத்து எட்டு மாதம் ஆன சாமானுக்குக் கிடைத்திருக்கிறது. அதையும் குறிப்பில் எழுதினேன். அக்காவின் கோப்பில் இப்படியான குறிப்புகளுக்கு இடமில்லை. அதனால் ஓரத்தில் எழுதினேன்.

யுகேந்திரன் திரையைத் திருப்பிக் காட்டினார். 10.05, அறை 214, மேல் லாச்சி காலி.

“போன மாசமும் இப்பிடித்தான்” என்றார். “117இல ஒரு வெள்ளைக்காரரின்ர மணிக்கூடு. அதுவும் பவளம் போய் வந்த பிறகு பாத்தா லாச்சி காலி. மூதூர்ப் பெட்டை ஒருத்தி, ஸுல்பிகா, அவளை நிப்பாட்டினனான். ஆக்கள் பொய் சொல்லுவினம் மிஸ். பவளம் பொய் சொல்லாது.”

றம்லாவைத் துணி அடுக்கும் அறையில் இருத்தி வைத்திருந்தார்கள். அந்த அறையில் கதிரை இல்லை. கட்டிலில் விரிக்கும் துணி மூட்டை ஒன்றின் மேல் இருந்தாள். முப்பது வயதிருக்கும். அழுது முடித்துவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது. நடந்ததைக் கேட்டபோது, ஏற்கெனவே பத்துப் பேருக்குச் சொன்னதைப் பதினோராவது தடவை சொல்கிறவளின் குரலில் சொன்னாள். பத்து இருபத்தைந்துக்குப் போனாள். அம்மா வெளியே பல்கனியில் போனில் கதைத்துக்கொண்டிருந்தார். துவாயை மாற்றினாள், குளியலறையைத் துடைத்தாள், வெளியே வந்தாள். பெட்டி எதையும் காணவில்லை.

“நான் எடுக்கல்ல ராத்தா” என்றாள் பஹ்மியா அக்காவிடம். “எடுத்தனெண்டு சொன்னா வீட்டுக்கு அனுப்புறாங்களாம். எடுக்கல்லயெண்டு சொன்னா பொலிஸாம். ரெண்டுல எதச் சொன்னாலும் நாளைக்கு கிண்ணியா பஸ்ஸுல என்னப் பாத்து ஆக்கள் பையக் கெட்டியாப் புடிப்பாங்க. ஸுல்பிகாட கத உங்களுக்குத் தெரியுமா? அவ இப்ப ஊட்ட விட்டு வெளியால வாறல்ல.”

அக்கா அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கதவைத் திறந்து உள்ளே போகும்போது பக்கத்தில் மேசை ஏதும் இருந்ததா? றம்லா யோசிக்கவே இல்லை. அந்த அறையைத் தினமும் துடைக்கிறவள். கதவடியில் செருப்பு வைக்கிற தட்டு மட்டும்தான் என்றாள்.

படியேறும்போது, மேசைக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். யுகேந்திரன் தந்திருந்த முறைப்பாட்டை வாசிக்கச் சொன்னார். இரத்தினேஸ்வரி அம்மாவின் கையெழுத்தில் இருந்தது: ‘பெட்டியை வாசலடி மேசையில் வைத்தேன்.’ காலையிலிருந்து ஏழு பேர் அதை வாசித்திருக்கிறார்கள். ஏழு பேரும் றம்லாவின் கையைப் பார்த்தார்களே தவிர, மேசையைப் பார்க்கவில்லை.

இரத்தினேஸ்வரி அம்மா எங்களைக் கட்டிலில் இருக்கச் சொன்னார். நல்ல மனிசி. அதுதான் பிரச்சினை. கெட்ட மனிசியாக இருந்தால் கோபிக்க வசதி. அவர் றம்லாவை ஏசவில்லை. ஏழை எளியதுகளுக்குக் கண் போகிறது இயற்கைதானே என்று அனுதாபப்பட்டார். அதனால்தான் தான் ஹோட்டலில் எதற்கும் மெசினையே அனுப்பச் சொல்வதாகச் சொன்னார். நோர்வேயிலும் அப்படித்தான் பழக்கமாம்.

“ஆக்களெண்டா ஒருவித கூச்சம் பிள்ளை. நகை போட்டிருக்கேக்க பாப்பினம். தலை சீவாமல் நிக்கேக்க பாப்பினம். மெசினுக்குப் பாக்கவும் தெரியாது, ஆசைப்படவும் தெரியாது. அது வந்து நிண்டா ஆள் நிக்கிற மாதிரியே இருக்காது.”

“பின்ன என்ன நிக்கிற மாதிரி இரிக்கும்?” என்று அக்கா கேட்டார்.

“என்னெண்டு சொல்ல. ஒரு வீட்டுத் தளபாடம் மாதிரி.”

அக்கா மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு, பெட்டியை வைத்த மேசை என்ன நிறம் என்று மிகவும் சாதாரணமாகக் கேட்டார்.

“வெள்ளை. இந்த உயரம்” என்று அம்மா இடுப்பைத் தொட்டார். “சேலையை ரெண்டு கையாலயும் தூக்கவேணுமெண்டு பெட்டியை அதில வைச்சனான். சேலையைக் கட்டிலில வைக்க, மாப்பிள்ளை வீட்டுப் போன் வந்திட்டுது.”

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். கட்டில், கதிரை, அலுமாரி, எழுதுமேசை எல்லாம் கடுங்கபில நிறத் தேக்கு. வெள்ளை மேசை என்ற ஒன்று அந்த அறையில் இல்லை. வாயைத் திறந்தேன். பஹ்மியா அக்கா என் காலை மிதித்தார். அவருடைய செருப்புக்குக் குதி உண்டு.

வெளியே வந்ததும் சொன்னேன். “வெள்ளை மேசை கண்ணை மூடிக்கொண்டு நிண்டிருக்கு. இவ மெசினின்ர லாச்சிக்குள்ள கொடியை வைச்சிட்டா. ஆனா அக்கா, ஒரு இடத்தில கொளுவுது. பதிவில லாச்சி காலியெண்டு கிடக்கே. மெசின் பொய் சொல்லாதெல்லோ?”

“எந்த லாச்சி காலியெண்டு கிடக்கு?”

குறிப்பைப் பார்த்தேன். மேல் லாச்சி.

“மேல் எண்டு ஒருத்தன் எழுதினா கீழ் எண்டு ஒண்டு இரிக்கோணும் புள்ள. ஒத்த மாடி வீட்ட ஆரும் மேல்மாடியெண்டு சொல்றல்ல.”

கீழ் லாச்சி இருந்தது. துணி வெளுக்கும் பகுதியில், பவளத்துக்கு மின்னேற்றும் இடத்தில், அதைப் பராமரிக்கிற அஷ்ரப் குனிந்து காட்டினார். அடியில் ஒரு கதவு, கைபிடி கிடையாது. ஆட்கள் வாங்கிக்கொண்டதாக உறுதிப்படுத்தாத சாமான் மேல் லாச்சியில் கிடந்தால், அது தானாகவே கீழே விழுந்துவிடுமாம். கோயில் உண்டியல் மாதிரி என்றார், என்னைப் பார்த்து, எனக்கு விளங்கட்டும் என்று. ஆனால் அந்தக் கதவு மாதக்கணக்காகப் பழுது. தினமும் மின்னேற்ற வரும்போது திறக்கட்டுமா என்று கேட்கும், சரியென்றாலும் திறக்காது. கம்பனிக்கு எழுதினார்கள். ஒருமுறை நிறுத்திவிட்டுத் திரும்ப இயக்கிப் பாருங்கள் என்று கம்பனி எழுதியது. இயக்கினார்கள். அதே கதைதான். உடைத்துத் திறக்க விடுவார்களா என்று அக்கா கேட்டார். பவளத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் தன் வேலை போய்விடும் என்றார் அஷ்ரப்.

மணி மூன்று. உள்ளே கொடி இருக்கிறது என்பது எங்கள் ஊகம். ஊகத்துக்காக முகாமையாளர் தன் பவளத்தைக் கீறவிட மாட்டார். கீறாமல் திறக்க எங்களுக்குத் தெரியாது. நாலு மணிக்குப் பொலிஸ்.

வரவேற்பு மண்டபத்துக்குத் திரும்பி வந்தோம். அக்கா என்ன கேட்டாரென்றால், விருந்தினர்கள் பவளத்தைப் பற்றி எழுதிக்கொடுக்கும் கருத்து அட்டைகளைக் கேட்டார். யுகேந்திரனுக்கு ஒரே சந்தோஷம். ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் என்று சொல்லி ஒரு பெட்டியையே கொண்டுவந்து வைத்தார். பவளம் தன்னோடு எவ்வளவு அழகாகப் பழகுகிறா என்று ஆங்கிலத்தில் கட்டளையிட்டும் காட்டினார். அது ‘யெஸ்’ என்ற சொல்லுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது, தலையை வளைத்து வணங்கியது.

நான் அட்டைகளை வாசிக்க, அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். சனங்கள் மெசினைப் பற்றி எழுதுவதில் தங்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். ஒருவருக்கு அது டிப்ஸ் எதிர்பார்க்காதது பிடித்திருக்கிறது. ஒருவருக்குத் துவாயோடு கதவைத் திறக்கலாம் என்பது பிடித்திருக்கிறது. கொழும்பு ஆள் ஒருவர், வேலைக்காரர் சிரிக்காவிட்டால் முறைப்பாடு செய்யலாம், இது சிரிக்காவிட்டால் யாரிடம் சொல்வது என்று கேட்டிருந்தார். ஒரு ஜெர்மன் தம்பதி, மனிதர்களைக் கஷ்டப்படுத்தாமல் ஓய்வெடுக்க முடிந்ததற்கு நன்றி சொல்லியிருந்தார்கள். கஷ்டப்படாத மனிதர்கள் மூதூரில் வேலையில்லாமல் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

பிறகு குறைவான நட்சத்திரங்கள். ‘கதைச்சால் கண்ணை மூடுது. மரியாதை தெரியாது.’ இது வெருகலில் இருந்து வந்த ஒரு குடும்பம். ‘பதில் சொன்னாலும் ஊமை மாதிரி நிக்கும்.’ நிலாவெளி. ‘பக்தியான மெசின். என்ர பிள்ளையளை விட மேல்.’ இது மட்டக்களப்பு ஐயா ஒருவர், அவருக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம்.

“ஆங்கிலக்காரர் எல்லாருக்கும் வேலை செய்யுது. எங்கட ஆக்கள் எல்லாருக்கும் சாமி கும்பிடுது” என்றேன். “அக்கா, இதுக்கும் மேலிடத்துச் செல்வாக்கு வேணும் போல.”

அப்போதுதான் அது நடந்தது. சென்னையிலிருந்து சுற்றுலா வந்த பெண்பிள்ளை ஒருத்தி சோபாவில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். பவளம் அவளிடம் போய் ஜூஸ் வேணுமா என்று கேட்டது. அவள் நிமிரவே இல்லை. “ஆமா ஆமா, குடு” என்றாள். லாச்சி திறந்தது. அன்னாசிச் சாறு வந்தது. “எடுத்துக்கிட்டீங்களா?” “ஆமா.” லாச்சி மூடியது. நன்றி சொல்லி, கண்ணைச் சிமிட்டி, பவளம் போனது.

அவளும் தமிழ். நானும் தமிழ். எனக்குத் தாமரை, அவளுக்கு அன்னாசி.

பஹ்மியா அக்கா எழும்பி நின்றார். யுகேந்திரனிடம் பவளத்தோடு வந்த விளம்பரப் புத்தகத்தைக் கேட்டார். பதினாறாம் பக்கத்தைத் தானே புரட்டி எடுத்து, என்னிடம் நீட்டினார். அதில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: யோகாசன விருந்தினர்களுக்கான சிறப்பு வசதி. விருந்தினர் ‘ஓம்’ என்று ஓதத் தொடங்கியதும் பவளம் தானாகவே அமைதி நிலைக்குப் போகும். மூன்று நிமிடம் தியானத்தைக் குழப்பாது.

நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். சென்னைப் பிள்ளை ‘ஆமா’ என்கிற இடத்தில் எங்கள் ஊர்ச் சொல் ‘ஓம்’. மூன்றாம் தரம் சிரிப்பு வந்தது. பிறகு றம்லா துணி மூட்டையின் மேல் இருந்தது ஞாபகம் வந்து, சிரிப்பு நின்றது.

மூன்று நாற்பதுக்கு எல்லோரையும் துணி வெளுக்கும் பகுதிக்கு வரச் சொன்னார் அக்கா. யுகேந்திரன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். இந்தப் பகுதிக்கு அவர் வருவது அபூர்வம் என்பது, எங்கே கால் வைப்பது என்று அவர் தேடியதில் தெரிந்தது. இரத்தினேஸ்வரி அம்மா மூக்கை மூடிக்கொண்டு நின்றார். றம்லாவை நான் கூட்டிவந்தேன். பவளம் மின்னேற்றும் இடத்தில் போய் நின்று, வழக்கம்போலக் கேட்டது.

“கீழ்ப்பெட்டியில பொருள் இருக்கு. திறக்கட்டுமா?”

“ஓம்” என்றார் அஷ்ரப், வழக்கம்போல.

கண் மூடியது. தாமரை விரிந்தது.

“பாத்தியளா, பழுது” என்றார் யுகேந்திரன். “இதைக் காட்டவோ என்னைக் கூப்பிட்டனீங்கள்? மூண்டு ஐம்பது ஆகுது.”

“அது என்ன கேட்டதெண்டு உங்களுக்கு விளங்கினதா?” அக்காவின் குரல் உயரவில்லை. “பொருள் இரிக்கெண்டு சொன்னது. ஒவ்வொரு நாளும் சொல்லியிரிக்கி. நீங்கதானே சொன்னீங்க, இது பொய் சொல்லாதெண்டு.”

மூன்று நிமிடம் காத்திருந்தோம். துணி வெளுக்கும் மெசின்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மணி கிணுங்கியது. பவளம் கண்ணைத் திறந்து, அலுக்காமல், முதலில் இருந்து கேட்டது. திறக்கட்டுமா?

அக்கா என்னைப் பார்த்தார். “அந்தச் சென்னைப் புள்ள சொன்ன மாதிரிச் சொல்லு.”

நான் கச்சேரி வாசல் வெயிலில் இரண்டு வருடம் எங்கள் மொழியில் கத்தியிருக்கிறேன். ஒரு கதவும் திறக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தொடர் நாடகக் கதாநாயகி மாதிரித் தலையைச் சாய்த்து, “ஆமா” என்றேன்.

கதவு திறந்தது.

சிவப்பு வெல்வெட் பெட்டி முன்னாலேயே கிடந்தது. இரத்தினேஸ்வரி அம்மா பாய்ந்து எடுத்து, திறந்து பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். காலையில் தொலைந்த கொடி, ஹோட்டலை விட்டுப் போகவே இல்லை. நாள் முழுக்க மாடி மாடியாக ஏறி இறங்கியிருக்கிறது. பத்து மணிக்குக் கொடியைக் கொண்டுபோன அதே பவளம், பன்னிரண்டு மணிக்குக் கவலையில் இருந்த அம்மாவுக்கு அதே வயிற்றோடு வந்து பிளேன்ரீ கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

அக்கா நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். சேலையை எடுத்தாச்சா என்று மெசின் கேட்டது. அம்மா ஓம் என்றார். முப்பது வருடம் நோர்வேயில் இருந்தும் அந்த ஒரு சொல்லை அவர் விடவில்லை. மெசின் தியானத்துக்குப் போனது. லாச்சி திறந்தபடி, வெளிச்சம் அணைந்து, வெள்ளை மேசை போல நின்றது. அம்மா பெட்டியை அந்தத் திறந்த லாச்சியிலேயே வைத்தார், சேலையைத் தூக்கினார், போனுக்குப் போனார். தியானம் முடிந்து மெசின் லாச்சியை மூடிக்கொண்டு வந்தது. உறுதி கிடைக்காத சாமான், கீழே விழுந்தது. மேலே காலி. பதிவு சரி.

அம்மாவின் முகம் மாறியது. அவர் பவளத்தின் மேற்பக்கத்தை மெல்லத் தடவினார்.

“பாவம்” என்றார். “அதுக்கென்ன தெரியும். மெசின்தானே.”

றம்லா இரண்டடி தள்ளித்தான் நின்றாள். அந்தச் சொல் அவளைத் தாண்டித்தான் மெசினுக்குப் போனது. எனக்கு வாய் துடித்தது. இந்த முறை அக்கா என் காலை மிதிக்கவில்லை. அதற்குள் அவர் குனிந்து கீழ்ப்பெட்டிக்குள் கையை விட்டிருந்தார்.

உள்ளே இன்னும் சாமான் இருந்தது. ஒரு மூக்குக்கண்ணாடி. ஒரு கதவுத் திறப்புக் கோர்வை. ஒரு குழந்தையின் ஒற்றைச் சப்பாத்து. கடைசியாகத் தோல் பட்டி போட்ட ஒரு மணிக்கூடு. அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதைத் தன்னுடைய மணிக்கூட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, யுகேந்திரனின் உள்ளங்கையில் வைத்தார்.

“117” என்றார்.

“அவர் வெள்ளைக்காரர்” என்றார் யுகேந்திரன். அவருடைய குரல் பாதியாகியிருந்தது. “அவர் எப்பிடி ஓம் சொல்லுவார்?”

அஷ்ரப்தான் பதில் சொன்னார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. போன மாதம் அந்த வெள்ளைக்காரர் காலைச் சாப்பாட்டை வாங்கும்போது ஸுல்பிகா பக்கத்தில் நின்று உதவினாளாம். அவளின் பேச்சைக் கேட்டு மெசின் தமிழில் கேட்டது அவருக்கு விளங்கவில்லை. அவருக்காக அவள்தான் ஓம் என்று பதில் சொன்னாளாம். திறந்து நின்ற லாச்சியில் அவர் மணிக்கூட்டை வைத்துவிட்டுத் தட்டைத் தூக்கியிருப்பார்.

உதவிக்கு ஒரு சொல் சொன்னாள், அந்தச் சொல்லாலேயே கள்ளியானாள். நான் குறிப்பை மூடினேன். ஓரத்தில் எழுதவும் மனம் வரவில்லை.

யுகேந்திரன் தன்னைச் சுதாரித்துக்கொண்டார். இது தொழில்நுட்பக் கோளாறு, கம்பனிக்கு எழுதுவோம் என்றார். விசயம் இந்த அறைக்குள்ளேயே இருக்கட்டும் என்றார். பிறகு றம்லாவின் பக்கம் திரும்பினார். நான்கு வருடத்தில் முதல் தடவையாக இருக்கவேண்டும், அவர் அவளை ‘நீங்கள்’ என்றது.

“நடந்தது நடந்துபோச்சு. மனசில ஒண்டும் வைச்சிருக்காதேங்கோ. நீங்கள் நாளைக்கு வழமை போல வேலைக்கு வாறீங்கள்தானே?”

றம்லா கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள். அசையாமல் நின்றாள். யுகேந்திரன் திரும்பவும் கேட்டார். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இரத்தினேஸ்வரி அம்மா, பிள்ளைக்குத் தலை சுற்றுதோ என்று பயந்தார். எனக்கு விளங்கிவிட்டது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிட்டத்தட்ட மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் யுகேந்திரனின் கழுத்துப்பட்டிக்கு மேலே வியர்வை இறங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மணி நாலு தாண்டியது.

றம்லா கண்ணைத் திறந்தாள்.

“மூதூருக்குப் போங்க சேர். போனுல இல்ல, நேர போங்க. அந்த மணிக்கூட்டயும் கொண்டு போங்க. ஸுல்பிகாட ஊட்டு வாசல்ல நிண்டு, அக்கம்பக்கத்து ஆக்களுக்குக் கேக்கிற மாதிரி, அவ எடுக்கல்லயெண்டு சொல்லுங்க. பொறகு என்னட்டக் கேட்ட இதே கேள்விய அவட்டக் கேளுங்க. அவ வாறனெண்டு சொன்னா, நானும் சொல்லுவன்.”

“என்ன சொல்லுவீங்கள்?”

“ஓம்.”

மின்னேற்றும் இடத்தில் பவளத்தின் வெளிச்சம் மங்கியது. தாமரை விரிந்தது. அந்த இடத்தில் றம்லாவின் சொல்லைக் கேட்ட உடனே வாயை மூடி மரியாதை செய்தது அது ஒன்றுதான்.